அம்பாசமுத்திரத்தில் செம்புத் தண்ணீர் கெட்டியான வரலாறு

திருநெல்வேலி டவுண்,
மார்கழி 16.

செல்ல மகள் விஜயஸ்ரீக்கு, உன்னைப் பெற்றதற்காக மூவுலகமும் பொறாமைப்படும் காந்திமதிநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா அன்னத்தாயும் உன் தம்பி மகேஷும் கொல்லையில் நிற்கும் முருங்கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்று நெல்லையப்பருக்குத் தினம் ஒரு முறை ஞாபகப்படுத்தி வருகிறேன். நிற்க, இப்போது நான் எழுதப் போவது யாராலும் நம்ப முடியாத ஒரு கதை. நீ நம்ப மாட்டாய், மாப்பிள்ளை நம்ப மாட்டார், கடிதம் கொண்டுவரும் தபால்காரர் பிரித்துப் படித்தால் அவரும் நம்ப மாட்டார் என்று இந்தக் காகிதத்தின் மேல் கை வைத்து உறுதி கூறுகிறேன். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, நான் நூறு என்றால் நாலு என்று திருத்துகிறாள். காகிதத்தில் திருத்த வேண்டும் என்றால் அவளுக்குக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது தற்போது எனக்கு மட்டுமே தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. ஐப்பசியில் ஆரம்பித்த மழை கார்த்திகை முடியும்வரை பெய்தது. குறுக்குத்துறையில் ஆறு எவ்வளவு உயரம் வந்தது என்றால், மண்டபத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த அயிரை மீன் ஒன்று என்னிடம் மணி என்ன என்று கேட்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று ஒத்துக்கொண்டால் நான் காய் வாங்க அனுப்பிவிடுவேன் என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறாள். நீ காலையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கார் ஓட்டுவதாக மாப்பிள்ளை சொன்னார். அது வேண்டாம் அம்மா, ஐந்து நிமிஷம் முன்னால் எழுந்து உட்கார்ந்து சாப்பிடு, உன் சாப்பாட்டைத் திருட அங்கே பெரியப்பா பிள்ளைகள் யாரும் இல்லை. அப்புறம் ஒரு முக்கியமான காரியம். போன பங்குனியில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்ந்த குன்றில், புல்லுக்கும் புதருக்கும் நடுவில் முளைத்திருந்த ஒரு மஞ்சள் பூவைப் படம் எடுத்து அனுப்பி, இது என்ன பூ என்று கேட்டாய். நான் ஒரு விநாடிகூட யோசிக்காமல், அதன் பெயர் பொற்சிலம்பு, பாண்டிய ராணிகள் போருக்குப் போகும் யானைக்குச் சூட்டியது, கப்பலேறி அங்கே வந்துவிட்டது என்று சொன்னேன். நீ அதை உன் ஆபீசில் ஏழு பேருக்குச் சொல்லியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அந்த ஏழு பேரிடமும் போய்ப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள். அந்தப் பூவுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும், அவர்களிடமே கேள். இப்படி எழுதுகிற ஆள் உண்மையில் காந்திமதிநாதன்தானா என்று உனக்குச் சந்தேகம் வரும். அதற்குக் காரணம்தான் கதை.

மகேஷுக்குப் பெண் பார்த்த விஷயத்தில் உனக்குத் தலைப்பு மட்டும் தெரியும். அவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் காமிராவைத் தூக்கிக்கொண்டு மணிமுத்தாறு போகிற வழியில் உள்ள புல்மேடுகளில் பூ பார்க்கப் போவான் இல்லையா, அங்கே அதே வேலையாக வந்த பெண்தான் சித்ரலேகா. இரண்டு பேரும் ஒரு பூவின் பெயருக்காக மூன்று வாரம் சண்டை போட்டு, நாலாவது வாரம் கல்யாணம் பண்ணிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்கள். அவளுடைய அப்பா ஐயம்பெருமாள் அண்ணாச்சி அம்பாசமுத்திரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார், தாத்தா காலத்துக் கடை. தாயில்லாப் பெண்ணை அவருடைய அக்கா சுடலைவடிவு மதினிதான் வளர்த்தது. அண்ணாச்சியோடு முதல்முதல் போனில் பேசியபோது வழக்கம்போல என் வாய் என்னை முந்திக்கொண்டது. எங்கள் வம்சத்தில் குழந்தை பிறந்தால் உடனே அழாது, ஜன்னல் வழியாகத் தெரிகிற செடியின் பெயரைச் சொல்லிவிட்டு அதற்கப்புறம்தான் அழும் என்றேன். பொதிகையில் இருந்து திருச்செந்தூர்க் கடல்வரைக்கும் எனக்குப் பெயர் தெரியாத புல் முளைத்தால் அது வெட்கப்பட்டுத் திரும்ப மண்ணுக்குள் போய்விடும் என்றும் சொன்னேன். பிறகு அவர், "அப்படியா வே. அப்ப வாரும், பாப்போம்" என்றார். மகேஷ் தலையில் கை வைத்துக்கொண்டு, பெற்றவனை வழக்கம்போலச் சித்தப்பா ஆக்கி, "சித்தப்பா, அவரு மருந்து கொடுக்குத ஆளு. செடி விஷயத்துல அவர்ட்ட விளையாடாதீங்க" என்றான். விளையாடுவதா, நானா என்று கேட்டுவிட்டு வேட்டியை இஸ்திரி போடக் கொடுத்தேன்.

கார்த்திகை கடைசி ஞாயிறு நானும் உன் அம்மாவும் மகேஷும் கிளம்பினோம். நாங்கள் ஏறிய பஸ் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி மூன்றையும் ஒரே தாவலில் தாண்டி அம்பாசமுத்திரத்தில் இறங்கியது, சக்கரம் நடுவில் தரையைத் தொடவே இல்லை. சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். சமையல் ஆகியிருக்கும், வாசம் தெருவரைக்கும் வரும், ஆனால் சரி என்ற சொல் வந்த பிறகுதான் இலை விழும். அன்றைக்குச் சொதி. அந்தத் தேங்காய்ப்பால் வாசமும் இஞ்சிப் பச்சடி வாசமும் கையைப் பிடித்துக்கொண்டு என் மூக்குக்குள் நுழைந்தன. இதற்காகவே காலையில் பதினான்கு இட்லியோடு நிறுத்திக்கொண்டு வந்திருந்தேன், இரண்டு என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே. நாங்கள் உட்கார்ந்ததும் மகேஷ் என் காதில், "சித்தப்பா, கொஞ்சம் பேசாம இருங்க" என்று சொன்னது சுடலைவடிவு மதினிக்குக் கேட்டுவிட்டது. "ஏ ஐயம்பெருமா, பையனோட தகப்பன் வரலியாம்டே. சித்தப்பனை அனுப்பியிருக்காவ" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பெரியப்பா பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் நீயும் மகேஷும் பெற்றவனையே சித்தப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டீர்கள் என்பதை விளக்கிச் சொல்ல எனக்குக் கால்மணி நேரம் ஆனது. மதினி கடைசியில், "என்னமோப்பா, ஒரு தகப்பன் வந்தாச் சரி" என்று அடுப்படிக்குப் போனாள்.

அண்ணாச்சி அதிகம் பேசாத ஆள். சம்பளம் கேட்கவில்லை, சொத்துக் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைக்கிற இடத்தில் வேரோடு பிடுங்கிய ஒரு பச்சைச் செடியை வைத்துக் கொண்டுவந்தார். "சம்பந்தம் பேசுத முன்னாடி ஒண்ணு கேக்கணும். இது நேத்து மணிமுத்தாத்துப் பக்கம் பொட்டல் புல்லுக்குள்ள பிடுங்கினது. பேரு சொல்லும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீரு தப்பா நெனைக்கக் கூடாது. எங்க தொழில்ல, தெரியாத செடிக்குப் பேரு சொல்லுதவனாலதான் ஆளு சாவான். உம்ம வாயப் பத்தி டவுண்ல நாலு பேரு நாலு விதமாச் சொல்லுதாவ. அந்த வாய் இருக்குத வீட்டுக்கு எம் பொண்ணு வரப் போறா. நான் தெரிஞ்சுக்கிடணும்" என்றார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சித்ரலேகாவின் சேலை நுனி தெரிந்தது, அது அசையவே இல்லை. மகேஷ் செடியைப் பார்த்தவுடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவன் முகத்தில் இருந்து கண்டுகொண்டேன், ஆனால் அண்ணாச்சி அவனைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். இவரு சொல்லட்டும்" என்று அடைத்துவிட்டார்.

செடியைக் கையில் எடுத்தேன். முழங்கால் உயரத்தில் பாதி இருக்கும், சதைப்பற்றுள்ள தண்டு, தடித்த இலை, இலை ஓரம் அலை அலையாக வெட்டியது போல, அடிப்பக்கம் மாவு பூசினாற்போல் வெளுப்பு. இலைக் கக்கத்தில் ஒற்றை ஒற்றையாக எலுமிச்சை மஞ்சளில் பூ, சின்ன நாதசுரம் மாதிரி குழாய். கசக்கி முகர்ந்தால் ஒரு கஸ்தூரி நெடி. காய் ஒன்றுகூட இல்லை, கிள்ளிய தடம் மட்டும் இருந்தது. இப்படி எல்லாம் பார்த்து முடித்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாய்ப் பூவைப் பார்த்தால் எள்ளுப்பூ ஞாபகம் வந்தது. உடனே வாய் திறந்து, "இது மஞ்சள் எள். ஆதிச்சநல்லூர்த் தாழிக்குள் இருந்து எங்கள் முப்பாட்டனார் எடுத்து விதைத்த வித்து. அவர் செடியின் பெயரைச் செடியிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார்" என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சியின் முகம் பைய இருண்டது. சொதி என்னை விட்டுக் கல்லிடைக்குறிச்சிவரை போய்விட்டதாகத் தோன்றியது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, முன்னால் இருந்த செம்புத் தண்ணீருக்குள் செடியை விட்டுக் கலக்கிக்கொண்டே முப்பாட்டனாரைப் பற்றிப் பேசினேன். பேச்சை நிறுத்தினால் அவர் எழுந்து கும்பிட்டு அனுப்பிவிடுவார் என்று தெரியும், அதனால் நிறுத்தவில்லை, கலக்கினேன், பேசினேன், கலக்கினேன்.

கலக்கக் கலக்கக் கை கனத்தது. முதலில் எனக்குத்தான் மயக்கம் வருகிறது என்று நினைத்தேன். செடியை வெளியே தூக்கினேன், தண்ணீரும் கூடவே வந்தது. அடுப்பில் ஏற்றவில்லை, எதையும் பிழியவில்லை, பச்சைத் தண்ணீர் பாகு மாதிரி கம்பியிட்டு இழுத்தது. செம்பைச் சாய்த்தேன், தண்ணீர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. தலைகீழாகக் கவிழ்த்தேன், விழவில்லை. அப்படியே தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றினேன், ஒரு சொட்டு விழவில்லை. மேலே மணிமுத்தாறு அருவி இதைக் கேள்விப்பட்டு ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது என்று பிறகு பஸ்சில் ஒருவர் சொன்னார். உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், கல்யாணம் ஆன நாளில் இருந்து அப்படி ஒரு மரியாதையோடு அவள் என்னைப் பார்த்ததில்லை. அண்ணாச்சி எழுந்தே விட்டார். "அட வே" என்றார். "யானை நெருஞ்சில்னு தெரிஞ்சுக்கிட்டேதான் எள்ளுன்னு சொல்லி என்னையச் சோதிச்சீராக்கும். முள்ளுக்காயக் கிள்ளிட்டுக் கொடுத்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். தண்ணியில கலக்கிப் பாக்குத வித்தை எங்க தாத்தாவோட போச்சுன்னு இருந்தேனே." கதவுக்குப் பின்னால் இருந்து சித்ரலேகாவும், "மாமா எள்ளுன்னு சொன்னதும் பாதி சரிதான் அப்பா. எள்ளும் யானை நெருஞ்சிலும் ஒரே குடும்பம்" என்றாள். அவள் வாயில் இருந்து மாமா என்ற சொல் வந்ததும் மகேஷின் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு அன்றைக்கு அம்பாசமுத்திரத்தில் தெருவிளக்கே தேவைப்பட்டிருக்காது.

அதோடு நான் எழுந்து சாப்பாட்டுக்குப் போயிருக்கலாம். அண்ணாச்சி சந்தோஷத்தில் கடைக்குள் ஓடி ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் சுருங்கிப்போன காய்ந்த வேர். "ஒரு மூட்டை வந்து கெடக்கு. கொண்டாந்தவன் ஒரு பேரு சொல்லுதான், எனக்கு மனசு ஒப்பல. ரெண்டு நாளா முழிக்கேன். நீரு சொல்லும். உம்ம வாக்குல பிள்ளைத்தாச்சி கஷாயத்துக்கு இடிச்சுருதேன், இல்லேன்னா கொண்டுபோய்க் கொட்டிருதேன்" என்று என் உள்ளங்கையில் வைத்தார். விஜயா, என் நாக்கு நுனியில் அப்போதே மூன்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன, மூன்றும் நல்ல பெயர்கள், ஒன்றுக்கு ராஜா கதை ஒன்றும் சேர்ந்தே வந்தது. அண்ணாச்சி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எதைச் சொன்னாலும் நம்புகிற பார்வை. அப்படி ஒரு பார்வை எனக்கு இதுவரை கிடைத்ததே இல்லை, என்னை யார் நம்பியிருக்கிறார்கள். யாரும் நம்பாததால்தானே நான் இத்தனை வருஷம் தைரியமாகப் பேசினேன். இந்த வேரை யாரோ ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி குடிப்பாள். உண்மையைச் சொன்னால் செம்பு வித்தையும் தற்செயல்தான் என்று வெளியே வந்துவிடும், மகேஷின் கல்யாணம் போய்விடும். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அந்தப் பெயர் தெரியாத பெண். நான் எழுந்து நின்று, சிங்கம் போலக் குரலை உயர்த்தி, பாபநாசம் மலையில் எதிரொலிக்கும்படி, "அண்ணாச்சி, எனக்குத் தெரியாது. இந்த வேரும் தெரியாது, அந்தச் செடியும் தெரியாது. தண்ணி கெட்டியாகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது, கை சும்மா இருக்காமக் கலக்கினேன்" என்று முழங்கினேன்.

அண்ணாச்சி சிரித்தார். "பாத்தீகளா, தெரிஞ்ச மனுசன் இப்படித்தான் அடக்கமாப் பேசுவாரு" என்று என் தோளைத் தட்டினார். பார் அம்மா, அறுபத்திரண்டு வயதில் முதல் தடவை உண்மை பேசினால் அதையும் நம்ப ஆளில்லை. மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தார். அப்போதுதான் உன் அம்மா முந்தானையை எடுத்துவிட்டுப் பேசினாள். "அண்ணாச்சி, இவுகளக் கட்டி முப்பத்தஞ்சு வருசம் ஆகுது. தெரியாதுங்குத வார்த்தை இவுக வாயில இருந்து வந்து நான் கேட்டதே கெடையாது. டெல்லிக்கு வழி கேட்டாலும் சொல்லுவாக, நிலாவுக்கு வழி கேட்டாலும் சொல்லுவாக. இப்ப வந்திருக்குன்னா அது நெசந்தான். அந்த வேரக் கொட்டிருங்க" என்றாள். அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார், பொட்டலத்தை என் கையில் இருந்து எடுத்து மடித்தார். மடிக்கிற நேரம் ரொம்ப நீளமாக இருந்தது, அதில் ஒரு ஆடி மாசமும் ஒரு ஆவணி மாசமும் போய் வந்தன. மகேஷ் தரையைப் பார்த்தபடி இருந்தான், ஆனால் அவன் கை என் முழங்காலின் மேல் இருந்தது. கடைசியில் அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, "எக்கா, இலையப் போடு" என்றார்.

அதற்கப்புறம் நான் பதினேழு தடவை சொதி ஊற்றிக்கொண்டேன், மதினி, "தகப்பனுக்கு ஊத்தினேன், இனிமே சித்தப்பனுக்கு ஊத்துதேன்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டு அண்ணாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்த்திப் பாடம் நடத்தினார். தரையோடு படர்ந்து, புளி இலை மாதிரிப் பொடி இலை வைத்து, ஐந்து இதழில் பூத்தால் அது சிறுநெருஞ்சில். நிமிர்ந்து நின்று, தடித்த இலையில் அலை வெட்டி, குழாய்ப் பூப் பூத்து, நாலு மூலைக் காயில் நாலு முள் வைத்தால் யானை நெருஞ்சில். தண்ணீர் கெட்டியானது அதன் இலையிலும் தண்டிலும் உள்ள கொழகொழப்பு, சில மணி நேரம் போனால் தானாகவே பழைய தண்ணீர் ஆகிவிடும். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னையும் புல்மேட்டுக்குக் கூட்டிப்போவதாக உத்தரவு. இரண்டு வாரம் போய்விட்டேன். மகேஷும் சித்ரலேகாவும் முன்னால் சண்டை போட்டுக்கொண்டு நடக்க, நாங்கள் இரண்டு கிழவர்கள் பின்னால் குனிந்து குனிந்து பூப் பார்க்கிறோம். இதுவரை பதினொரு செடியின் பெயர் உண்மையாகவே தெரியும். இதை இரண்டாயிரத்து நூறு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பதினொன்றிலேயே பெருமை இருக்கிறது, விட்டுவிட்டேன்.

மார்கழி போகட்டும் என்று தை இருபத்திரண்டில் நாள் பார்த்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பத்து நாளாவது முன்னால் வந்துவிட வேண்டும், லீவு கிடைக்கவில்லை என்ற பேச்சு இங்கே செல்லாது. இந்தச் செடிக்கு ஆயுசு ஒரு வருஷம்கூட இல்லை, மழைக்கு முளைத்து, பூத்து, காய்த்து, பங்குனி வெயிலில் சருகாகிவிடும். அதற்குள் வந்தால் உன் கையாலேயே ஒரு செம்பில் கலக்கிப் பார்க்கலாம். வரும்போது அம்மாவுக்கு முழங்காலுக்குப் போடுகிற அந்த உறை, போன தடவை கொண்டுவந்த அதே அளவில் ஒரு ஜோடி, மறக்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசி. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது இருந்து, அதற்கு மேல் இருப்பதா வேண்டாமா என்று சாவகாசமாக முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா, பெற்றவனும் அவனே,
காந்திமதிநாதன்.

இன்னும் இடம் இருப்பதால் ஒன்று எழுதுகிறேன். கல்யாணத் தேதியைத் தவிர மேலே உள்ளதில் எது எவ்வளவு என்று உன் அம்மா நீ வந்ததும் கணக்குச் சொல்வாள். ஆனால் தெரியாது என்று சொன்னேன் என்றேனே, அது நடந்தது. முழக்கம் ஒன்றும் இல்லை, மலையில் எதிரொலிக்கவும் இல்லை. என் குரல் அடுப்படிவரைகூட எட்டவில்லை, சுடலைவடிவு மதினி அடுப்படியில் இருந்து வந்து, "என்னய்யா சொன்னீரு, காதுல விழல" என்று கேட்டாள். அதனால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது தடவைதான் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.